காற்றில்லாத நாளில் சுற்றிய காற்றாலை

மார்ச் மாதத்தின் கடைசி நாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வள்ளியூருக்குத் தெற்கே, மலைக் கணவாய்க்கு எதிரே, ஒரு செம்மண் காட்டில் புதிதாக வெள்ளை அடித்த கோபுரத்தின் அடியில் நான்கு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே மூன்று இறக்கைகளும் அசையவில்லை.

உடைமரத்தின் இலைகூட ஆடவில்லை. மேய வந்த ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுக் கோபுரத்தின் நிழலில் வரிசையாக நின்றன. நிழல் நகர நகர அவையும் நகர்ந்தன. இன்றைக்கும் எங்காவது புதுப் பெயின்ட் வாசனை வந்தால், கூடவே ஆட்டு வாசனையையும் என் மூக்கு தேடுகிறது.

நான்கு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். காற்றாலை நிறுவித் தரும் எங்கள் கம்பெனியின் சைட் இன்ஜினியர் ராமலிங்கம் அண்ணாச்சி. அந்தக் காட்டின் பழைய சொந்தக்காரர் முத்தையா. அப்போது ஐம்பதை நெருங்கியிருப்பார். அந்தக் காற்றாலையை வாங்கியிருந்த பம்பாய் முதலாளிக்காக வந்திருந்த ஆடிட்டர். வயது முப்பதுக்குள், வெயில் தாங்காமல் தலையில் கைக்குட்டையை விரித்திருந்தார். நான்காவது ஆள் நான். கையில் நீல நிற ஃபைல்.

அன்று பொழுது சாய்வதற்குள் அது ஓட வேண்டும். ஓடுவதை ஆடிட்டர் கண்ணால் பார்த்து, என் ஃபைலில் இருந்த தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் ரத்து. கோபுரத்தைக் கழற்றி வேறு யாருக்காவது வேறு எங்காவது நடுவார்கள்.

முத்தையா புதுக் காக்கிச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஃபைல் என் கைக்கு வந்தது

போன வாரம் என் கல்லூரிக் காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'பொருளாதாரம் படித்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் என்ன வேலை கிடைத்தது?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். டைப் அடிக்கிற வேலை கிடைத்தது அம்மா. வேறென்ன கிடைக்கும்?

பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருஷம் வேலைக்கான தேர்வுகள் எழுதிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் கணவாய்ப் பக்கம் காத்தாடி முளைக்கத் தொடங்கியது. காற்றாலை என்று நாங்கள் ஃபைலில் எழுதுவோம். ஊரில் எல்லோரும் காத்தாடி என்றுதான் சொல்வார்கள். வள்ளியூரில் எங்கள் கம்பெனி ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தது. இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். தினமும் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன்.

முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. எங்களிடம் காற்றாலை வாங்குகிற யாருக்கும் மின்சாரத் தொழில் கிடையாது. ஒருவர் சாயம் தயாரித்தார், ஒருவர் சிமென்ட் விற்றார், ஒருவர் மாத்திரை செய்தார். அந்தந்த வருஷத்து லாபத்துக்குப் பெரிய வரி கட்ட வேண்டியிருந்தவர்கள் அவர்கள். மார்ச் முடிவதற்குள் ஒரு காற்றாலை ஓடியதாகச் சான்று இருந்தால், அதன் விலையில் பெரும்பங்கைத் தேய்மானம் என்று சொல்லி லாபத்திலிருந்து உடனே கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சலுகை கொடுத்திருந்தது. காற்றிலிருந்து மின்சாரம் வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் கொடுத்த சலுகைதான்.

அதனால் எங்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு பருவம். தை பிறந்ததும் பரபரப்பு தொடங்கும். மாசியில் கிரேன்கள் வரிசையில் நிற்கும். பங்குனியில் யாருக்கும் தூக்கம் இருக்காது. எங்கள் பக்கத்தில் காற்றடிப்பதோ வைகாசியிலிருந்து. பங்குனியில் ஒரு தாள்கூடப் பறக்காது. இந்த இரண்டு பருவங்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

எங்கள் வீட்டுப் பணம்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்துக்குச் சீவலப்பேரியில் ஒரு காலத்தில் வயல்கள் இருந்தன. ஆற்றுப் பாசனம், இரண்டு போகம். கையில் பணம் சேர்ந்தால் அடுத்த வயலை வாங்குவார்கள். அதற்கு மேலும் சேர்ந்தால் நகை, அதற்கும் மேலே போனால் கோயிலுக்கு ஒரு கட்டளை. தாமிரபரணிக் கரையில் எல்லா வீடுகளிலும் இதே வழக்கம்தான். மலையடிவாரத்தில் யாரோ ஒருவர் நூற்பாலை கட்டியபோது, 'மண்ணை விட்டுட்டு இரும்புல போடுதான், கிறுக்கன்' என்று எங்கள் பெரிய தாத்தா சொன்னாராம்.

பிறகு வயல்கள் ஒவ்வொன்றாக விற்றுப் படிப்பாகவும் கல்யாணமாகவும் மாறின. அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா ஆனார். தொழில் தொடங்குவது, தொழிலில் பணம் போடுவது என்பதெல்லாம் ஊரில் வேறு யாரோ செய்கிற காரியம். அதற்கு லைசென்ஸ் வேண்டும், டெல்லியில் ஆள் வேண்டும் என்பார் அப்பா.

தொண்ணூறுகள் பிறந்ததும் அந்த அப்பாவே மாறினார். கதவுகள் திறந்துவிட்டன என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் பங்கு விண்ணப்பப் படிவம் வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அப்பாவும் நின்றார். தேக்கு வளர்க்கப் போவதாகச் சொன்ன ஒரு கம்பெனியின் பங்குப் பத்திரத்தை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்தார். அந்தத் தேக்கு எங்கே வளர்ந்தது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த இரண்டு மூன்று வருஷம் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. நாட்டில் ஏதோ நடக்கிறது, அதில் நமக்கும் ஒரு ஓரம் இருக்கிறது என்ற தெளிச்சி.

நானும் அதே தெளிச்சியோடுதான் வள்ளியூர் பஸ் ஏறினேன். அதை மறைத்துப் புண்ணியமில்லை.

முத்தையா வைத்த நிபந்தனை

முத்தையாவுக்கு இருந்தது அந்த ஒரு காடுதான். மழை பெய்தால் காணமோ எள்ளோ விதைப்பார். பெய்யாவிட்டால் ஆடு. கம்பெனி காட்டைக் கேட்டபோது அவர் விலை பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"காத்தாடிக்குக் காவல் வேணும்லா? அத எனக்குத் தாங்க. மாசம் பொறந்தா ஒரு சம்பளம். எங்க வம்சத்துல யாரும் மாசச் சம்பளம் வாங்குனதில்ல."

மானேஜர் ஒத்துக்கொண்டார். வாய்ப்பேச்சுதான். "மெஷின் ஓடுனா வேலை" என்றார். காத்தாடி நிலைத்தால் முத்தையாவுக்கு வேலை. கழற்றிக்கொண்டு போனால் காடும் இல்லை, வேலையும் இல்லை. அன்று அந்த வெயிலில் எல்லோரையும்விட அதிகம் இழக்கக்கூடிய ஆள் அவர்தான். அவர் மனைவி சொர்ணம் அன்று காலையில் வள்ளியூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு வந்திருந்ததாக அவரே என்னிடம் சொன்னார்.

கரண்டு குடித்த எந்திரம்

நான்கு மணிக்கு ராமலிங்கம் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் உள்ள போயி அத மோட்டாரு மாதிரி ஓட விடுதேன். லைன்ல இருந்து கரண்ட எடுத்துச் சுத்தும். நீ சார்கூட வெளிய நின்னுக்கோ."

"அண்ணாச்சி, அது இது குடுக்குத கரண்டு இல்லயே. இது எடுக்குத கரண்டுல்லா."

"பைய பேசு. வைகாசி வந்தா நாம வேண்டாம்னாலும் சுத்தும். இன்னைக்கு ஒரு அர மணி நேரம் சுத்தணும், அவ்வளவுதான். அந்தா நிக்காரு பாரு முத்தையா, அவருக்காவது சுத்தணும்லா?"

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. நான்கு நாட்களாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கோபுரத்தின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு ரீங்காரம் கேட்டது. ஆடுகள் மிரண்டு விலகின. மேலே இறக்கை ஒன்று தயங்கித் தயங்கி இறங்கியது, அடுத்தது வந்தது, பிறகு மூன்றும் சேர்ந்து சீராகச் சுற்றத் தொடங்கின.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. காற்று துளிகூட இல்லை. தலைக்கு மேலே அவ்வளவு பெரிய எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

முத்தையா குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளினார். தோள் உயரத்தில் கையை நீட்டி விரல்களைப் பிரித்தார். மண் நேராக அவர் காலடியிலேயே விழுந்தது. இன்னொரு பிடி அள்ளினார். அதுவும் அப்படியே விழுந்தது. விழுந்த மண்ணையும் மேலே சுற்றிய இறக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆடிட்டர் இதைக் கவனித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னிடம் இங்கிலீஷில் பேசினார். "இது இவருடைய நிலமாக இருந்தது அல்லவா? இந்த எந்திரத்தைப் பற்றி இவர் என்ன நினைக்கிறார்? கேளுங்கள்."

இந்த வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து முத்தையாவிடம் அபிப்பிராயம் கேட்ட ஒரே ஆள் அந்தப் பம்பாய்க்காரர்தான். இதை நான் பிறகு பல வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கேட்டேன். முத்தையா யோசிக்கவே இல்லை.

"காத்து இல்லம்மா. இது கரண்டக் குடிச்சிட்டுச் சுத்துது. சார வைகாசியில வரச் சொல்லுங்க, அப்பந் தெரியும் இதோட சுத்து. இன்னைக்கு எழுத வேண்டாம்னு சொல்லுங்க."

ஆடிட்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன்: "நன்றாக ஓடுகிறது என்கிறார். இங்கே காற்று எப்போதும் உண்டாம். அவருக்கு ரொம்ப சந்தோஷமாம்."

அவர் சிரித்து, முத்தையாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். காரின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். முத்தையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லியும் இவர் சிரித்துக்கொண்டே எழுதுகிறாரே என்று என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன்.

அவருடைய வேலைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையும் அதில் இருந்தது என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கரும்பலகையில் ஒரு மேடு

வைகாசியில் காற்று வந்தது. ராமலிங்கம் அண்ணாச்சி சொன்னபடி, நாம் வேண்டாம் என்றாலும் காத்தாடி சுற்றியது. முத்தையாவுக்கு வேலை கிடைத்தது. காக்கிச் சட்டையோடு அவர் கோபுரத்தடியில் நிற்பதைப் பார்த்து என் மனசும் ஆறிவிட்டது. நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்து, பாளையங்கோட்டையிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன்.

அங்கே வருஷா வருஷம் ஒரு பாடம் உண்டு. நாட்டில் தனியார் முதலீடு காலப்போக்கில் எப்படி ஏறி இறங்கியது என்பது. கரும்பலகையில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போடுவேன். ரொம்ப காலம் தாழ்வாகவே போகும். எண்பதுகளில் மெல்லத் தலை தூக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மேடு. அதற்குப் பிறகு இறக்கம்.

"ஏன் மேடம் இறங்குது?" என்று ஒரு மாணவி கேட்பாள். கேட்காத வருஷமே இல்லை. வட்டி ஏறியது, கட்டிய ஆலைகளுக்கு ஏற்ற விற்பனை இல்லை, சலுகைகளின் விதி மாறியது என்று சொல்வேன். எல்லாம் சரியான காரணங்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

அந்த மேட்டில் நிஜமான ஆலைகள் இருந்தன. நிஜமாக வேலை கிடைத்தவர்கள் இருந்தார்கள். கணவாயிலேயே தங்கள் காத்தாடியை ஒழுங்காகப் பராமரித்து ஓட்டிய முதலாளிகள் உண்டு. யாரையும் மொத்தமாகப் பழிக்க மாட்டேன். ஆனால் சாக்பீஸ் அந்த மேட்டைத் தொடும்போதெல்லாம் ஒரு பிடி செம்மண் நேராகக் கீழே விழுவது எனக்குத் தெரியும். கோட்டில் அது தெரியாது. ஓடிய எந்திரமும் ஓட்டிக் காட்டிய எந்திரமும் அதில் ஒரே உயரம்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள்

தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். மாணவிகளைக் காற்றாலை பார்க்கக் கூட்டிப் போனேன். ஆடி மாதம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளைகளின் தாவணியும் நோட்டும் பறந்தன. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டியிருந்தது.

கண்ணுக்கு எட்டியவரை எல்லாக் காத்தாடிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் நின்றிருந்தது. அதன் இடம் எனக்குத் தெரியும். பிள்ளைகளை இன்னொரு ஆசிரியையிடம் விட்டுவிட்டு நடந்தேன்.

முத்தையா கோபுரத்தின் காற்றுப் படாத பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதே காக்கிச் சட்டை, வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. கீழே வேட்டி. சற்றுத் தள்ளி, கோபுரத்தோடு ஒட்டியிருந்த சின்ன அறையின் வாசலில் சொர்ணம் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

என்னை அடையாளம் கண்டதும் முத்தையா எழுந்தார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இரண்டு பருவம் ஓடியது. மூன்றாவதில் கியர்பாக்ஸ் போய்விட்டது. சரி பண்ண யாரும் வரவில்லை. எங்கள் கம்பெனியோ அதற்கு முன்பே வள்ளியூரைக் காலி பண்ணிவிட்டிருந்தது. சம்பளமும் நின்றது.

"பெறவு ஏன் அண்ணாச்சி இங்கன இருக்கிய?"

"காவல்னு ஒத்துக்கிட்டோம்லா" என்றார். பிறகு, "அம்மா, ஒண்ணு கேக்கணும். நாலஞ்சு வருசமா மனசுல கெடந்து உறுத்துது" என்றார்.

"கேளுங்க."

"அன்னைக்கு அந்த சார்ட்ட, காத்து இல்லாம சுத்துதுன்னு நான் சொன்னம்லா. அவரு சிரிச்சிட்டுத்தான் போனாரு. ஆனா ஊருக்குப் போயி மொதலாளிட்ட சொல்லியிருப்பாரு. காட்டுக்காரனே இது ஓடலங்கானேன்னு மொதலாளிக்கு மனசு விட்டுப்போச்சு. அதான் ரிப்பேருக்குக்கூட ஆள் அனுப்பல. அப்படித்தானம்மா?"

சொர்ணம் தலையை நிமிர்த்தாமலே பேசினார். "அதயே இன்னும் எத்தன வருசம் சொல்லிட்டுக் கெடப்பிய? உங்க வாயால போச்சு. எல்லாரும் சும்மா நிக்கையில உங்களுக்கு மட்டும் என்ன பேச்சு?"

அந்த வீட்டில் இத்தனை வருஷமும் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. சொல்லாமல் திரும்பி வந்திருக்கலாம். பஸ் நூறு அடி தூரத்தில்தான் நின்றது.

"அண்ணாச்சி, நீங்க சொன்னத நான் அவர்ட்ட சொல்லவே இல்ல."

காற்றில் கேட்கவில்லையோ என்று கிட்டப் போய் மறுபடியும் சொன்னேன். "நல்லா ஓடுது, காத்து எப்பவும் உண்டுன்னு நீங்க சொன்னதா மாத்திச் சொல்லிட்டேன். அவருக்கு எதுவும் தெரியாது. உங்களால ஒண்ணும் நிக்கல."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏளா, கேட்டியா? என் வாயால இல்லயாம்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சொர்ணத்தின் கை பீடி இலையோடு அப்படியே நின்றது. சொர்ணமாவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டவில்லை.

"அப்ப ஏம்மா யாரும் வரல?" என்று முத்தையா கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த முதலாளிக்கு வேண்டியது அன்றைக்கு விழுந்த கையெழுத்து. அதிலேயே அவருக்கு வரவேண்டிய பெரிய லாபம் வந்துவிட்டது. இதற்கு மேல் கிரேன் கொண்டுவந்து கியர்பாக்ஸ் மாற்றுவது அவருக்குக் கட்டுபடியாகாது. வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அப்ப இத அவுக சுத்துததுக்கு வாங்கல" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

தலையை ஆட்டினார். பாரம் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் விடைபெற்று நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டார். முகம் மறுபடியும் மாறியிருந்தது.

"அம்மா, அப்ப அந்த சாரு நான் பொய் சொன்னேன்னுல்லா இன்னமும் நெனச்சிட்டிருப்பாரு? காத்து இல்லாத நேரத்துல காத்து இருக்குன்னு சொன்னவன்னு?"

காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"என்னைக்காவது அவரப் பாத்தா, நான் சொன்னது என்னன்னு சொல்லிருங்க."

சரி என்றேன். ஆனால் தேடவில்லை. கம்பெனி கலைந்துவிட்டது, ஃபைல் எங்கே போனதோ தெரியாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இத்தனை வருஷத்தைக் கடத்திவிட்டேன். முத்தையா இப்போது இல்லை. சொர்ணம் இருக்கிறார்.

அந்த ஆடிட்டருக்கும் வயதாகியிருக்கும். இந்தப் பத்திரிகை பம்பாய்க்கும் போகிறது என்கிறார்கள். தமிழ் தெரிந்த யாராவது இதை அவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். நான் சொன்னதைவிட ஒழுங்காகவே சொல்வீர்கள்.

ஐயா, வெயிலில் தலைமேல் கைக்குட்டையோடு நின்று, அந்தக் காட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்கள். அவர் சொன்ன பதில் இது: காற்று இல்லை. இது மின்சாரத்தைக் குடித்துவிட்டுச் சுற்றுகிறது. வைகாசியில் வாருங்கள். இன்றைக்கு எழுத வேண்டாம்.